பூனாவிலிருந்து சாரு பேசுறேன்

இப்படி உக்காருங்க சிஸ்டர், தண்ணித் தொட்டி நிழல்ல. கீழ அப்புறம் போலாம். சாவி என்கிட்டதான் இருக்கு. முதல் நாள் வேலைக்கு வந்தவளை மொட்டை மாடிக்கு வரச் சொல்றாளேன்னு நினைக்காதீங்க. கீழ பேச முடியாது. எங்க அத்தைக்கு சர்க்கரையில கண்ணுதான் போச்சு, காது அப்படியே இருக்கு. பக்கத்து வீட்டுல பால் பொங்கினாக்கூட இங்கேருந்து சொல்லுவாங்க.

ஏஜென்சியில உங்ககிட்ட என்ன சொன்னாங்க? வயசானவங்க, படுத்த படுக்கை, பார்வை இல்ல, இதயம் பலவீனம். அவ்வளவுதானே? அது பாதி. மீதிய நான் சொன்னாத்தான் நீங்க கீழ போய் வாய் தவறி எதையும் உளறாம இருப்பீங்க.

என் பேரு வனஜா. கீழ இருக்கறது ராஜாமணி, என் மாமியார். என் வீட்டுக்காரர் மஸ்கட்ல வேலை. அவருக்கு ஒரே தங்கச்சி, சாருமதி. பூனாவுல கட்டிக் கொடுத்திருந்தாங்க. இந்தக் கதையில மொத்தமே நாங்க நாலு பேர்தான். அதுல ஒருத்தி இல்ல. சாரு போன ஆடி மாசம் டெங்கு வந்து செத்துப்போயிட்டா. அத்தைக்கு அது தெரியாது. இதை முதல்ல மனசுல வெச்சுக்கங்க.

மறைக்கணும்னு முடிவு பண்ணினது நான் இல்ல. அதிர்ச்சியா எதையும் காதுல போடாதீங்க, தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இவர் மஸ்கட்லேருந்து நேரா பூனா போய்க் காரியத்தை முடிச்சுட்டு சேலம் வந்தார். வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே வாயில விரலை வெச்சுக் காட்டினார். எனக்கும் அழுகை வந்தது சிஸ்டர், நான் ஒண்ணும் கல்லு இல்ல. டிவிய சத்தமா வெச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன்.

துக்கம் விசாரிக்க வந்தவங்களை எல்லாம் லிஃப்ட்ல நேரா இங்க கூட்டிட்டு வந்துட்டோம். நீங்க உக்காந்திருக்கீங்க பாருங்க, அந்த இடத்துலதான் சின்ன மாமியார், பெரிய மாமியார் எல்லாரும் கட்டிப் புடிச்சு அழுதாங்க. அழுது முடிச்சு, அந்தக் குழாயில முகம் கழுவிட்டு, கீழ போய், "என்ன ராஜாமணி, சௌக்கியமா? இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தோம், அப்படியே உன்னையும் பார்த்துட்டுப் போலாம்னு"ன்னு சொல்லி காபி குடிச்சுட்டுப் போனாங்க. அத்தைக்கு ஒரே பெருமை. இத்தனை பேர் நம்மளை நினைப்பு வெச்சுக்கிட்டுப் பார்க்க வர்றாங்களேன்னு.

ஆனா ஒரு விஷயத்தை நாங்க யாருமே யோசிக்கலை. சாரு தினமும் அம்மாவுக்குப் போன் பண்ணுவா. அவ வீட்டுக்காரர் ஆபீஸ் போனதும், வேலை எல்லாம் ஒழிச்சுப் போட்டுட்டு, அரை மணி நேரம். அந்தப் போன் வரலை. ஏதோ டவர் பிரச்சினைன்னு சொன்னோம். உடம்பு சரியில்லைன்னு சொன்னோம். அத்தை சாப்பாட்டை நிறுத்திட்டாங்க. தட்டைக் கொண்டு போனா வாயை இறுக்கி மூடிக்குவாங்க. என் குழந்தை குரலைக் கேட்டாத்தான் சாப்பிடுவேன்னு ஒரே பிடிவாதம். இவர் என் மூஞ்சியப் பார்த்தார். "வனஜா, நீதான் அவ மாதிரி பேசுவியே"ன்னார்.

ஆமா, பேசுவேன். எனக்கு யார் குரலும் வரும். கல்யாணம் ஆன புதுசுல சமையல்கட்டுல சாரு மாதிரி பேசிக் காட்டி இவரை வயிறு வலிக்கச் சிரிக்க வெச்சிருக்கேன். அவ கொஞ்சம் மூக்கால பேசுவா. "ம்மா"ன்னு ஒரு இழுப்பு இழுத்தா, அது முடியறதுக்குள்ள நாம ஒரு தம்ளர் மோர் குடிச்சுடலாம். கேலிக்குக் கத்துக்கிட்டது. இப்படி உபயோகப்படும்னு யாருக்குத் தெரியும்?

அதோ, அந்தக் கோடிச் சுவர்கிட்ட நின்னுதான் முதல் தடவை பேசினேன். இவர் கீழ அத்தை காதுல போனை வெச்சுப் புடிச்சுக்கிட்டிருந்தார். "ம்மா, சாரு பேசுறேன், பூனாவிலிருந்து"ன்னேன். அத்தை போனைக் காதோட சேர்த்து அழுத்திக்கிட்ட சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "ஏங்கண்ணு, தொண்டை ஏன் இப்படி இருக்கு?"ன்னாங்க. "காய்ச்சல் வந்துதும்மா, அதுலேருந்து இப்படித்தான் இருக்கு"ன்னேன். "கஷாயம் வெச்சுக் குடி. சாப்பிட்டியா நீ?"

சாப்பிட்டியான்னு கேட்டாங்க சிஸ்டர். நான் அன்னிக்கு உண்மையிலேயே சாப்பிடலை. இந்த வீட்டுக்கு நான் வந்த நாள்லேருந்து ஒருத்தர் என்னைக் கேட்டதில்ல. இவர் கேட்டதில்ல. எங்க அம்மா இருந்திருந்தா கேட்டிருக்கும், அது நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே போயிடுச்சு. "இல்லம்மா"ன்னேன். "போய் முதல்ல சாப்பிடுடி, அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டுத்தான் அவங்க அன்னிக்குச் சாப்பிட்டாங்க.

இவர் அந்த வாரமே மஸ்கட் போயிட்டார். நானும் அத்தையும் மிச்சம். சாருவும்.

தினமும் காலையில டிபன் ஆனதும், "அத்தை, மாடிக்குத் துணி காயப் போட்டுட்டு வர்றேன்"னு சொல்லிட்டு வாளியோட கிளம்புவேன். துவைக்கத் துணி இல்லாத நாள்ல, முந்தின நாள் காஞ்சதையே நனைச்சு எடுத்துட்டு வருவேன். எதிர் ஃப்ளாட்டுக்காரங்க நான் ரொம்ப சுத்தம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. துணியை உதறிக் கொடியில போட்டுட்டு நம்பரைப் போடுவேன். கீழ மணியடிக்கும். அத்தை தடவித் தடவி எடுப்பாங்க. கண்ணுன்னும் தங்கம்னும் அரை மணி நேரம் கொஞ்சுவாங்க. போனை வெச்சுட்டுக் கீழ போனா, "எங்கே போய்த் தொலைஞ்சே இவ்வளவு நேரம், தாகத்துக்குத் தண்ணி குடுக்க ஆளில்ல"ன்னு இருக்கும். ஒரே வாய்தான், ஒரே நாக்குதான். எனக்கு முதல்ல சிரிப்பாத்தான் இருந்தது.

ஒரு நாள் சும்மா கேட்டேன். "அண்ணி நல்லாப் பார்த்துக்கறாங்களாம்மா?" ஒரு நல்ல வார்த்தைக்குத்தான் சிஸ்டர். ராத்திரி பகல்னு பார்க்காம நான் செய்யறதுக்கு, நேர்ல சொல்ல வேண்டாம், பொண்ணுகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்கல்ல, அதைக் கேட்டுக்கலாம்னு.

அத்தை குரலைத் தணிச்சுக்கிட்டாங்க. "அவ மாடிக்குப் போயிருக்கா, அதனால சொல்றேன்"னாங்க. "அவளா பார்த்துக்கறா? துடைச்சு விடறப்போ பாத்திரம் தேய்க்கற மாதிரி தேய்க்கறாடி. உடம்பெல்லாம் எரியுது. ஒண்ணைப் பெத்து வளர்த்திருந்தா கையில ஒரு பதம் இருந்திருக்கும். நேத்து வெச்ச குழம்பை நாய் மோந்து பார்க்காது. என்னைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கறா கண்ணு."

பட்டினியாம். நான் இந்த மாடியில நின்னு கேக்கறேன். கையில அவங்க புடவை. கீழ போய் அந்தக் குழம்பை எடுத்து நக்கிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. அன்னிக்கு சாயங்காலம் அத்தைக்குக் காபி போட மறந்துட்டேன். மறதி எல்லாருக்கும் வர்றதுதானே. ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, அப்புறம் பேசாம இருந்துட்டாங்க.

அடுத்த நாள்லேருந்து தினமும் கேட்டேன். கேக்காம இருக்க முடியலை. புண்ணு ஆறறப்போ சொறிஞ்சு விட்டுக்குவோம்ல, அப்படி. தினமும் ஒண்ணு சொன்னாங்க. கிள்ளினேன்னாங்க. நனைஞ்ச படுக்கையிலயே போட்டுட்டு டிவி பார்க்கறேன்னாங்க. ஒரே ஒரு நாள் லேட்டாச்சு சிஸ்டர், அதுவும் முந்தின நாள் அவங்க பேசின பேச்சுக்கு எனக்கு மனசு சரியில்ல. கிள்ளினது எல்லாம் சுத்தப் பொய். சாரு எனக்காகப் பரிஞ்சு பேசினா. "அண்ணி அப்படிப்பட்டவங்க இல்லம்மா"ன்னா. "நீ ஏண்டி அந்த மலடிக்கு வக்காலத்து வாங்கறே"ன்னாங்க.

அதுலேருந்துதான் சாருவோட குணம் மாறிப்போச்சு. நான் மாத்தினேன்னு சொல்லாதீங்க. அந்தக் குரல்ல பேச ஆரம்பிச்சா வார்த்தை தானா வரும், என்கிட்டேருந்து வர்ற மாதிரியே இருக்காது. மாடிப்படி ஏறறப்பவே என் நடை மாறிடும். ஒரு தடவை எதிர் ஃப்ளாட்டு அம்மா பின்னாலேருந்து "வனஜா, வனஜா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. யாரையோ கூப்பிடறாங்கன்னு நான் பாட்டுக்குத் துணியை உதறிக்கிட்டிருந்தேன். தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினேன்.

இவரும் லேசுப்பட்டவர் இல்ல. வெள்ளிக்கிழமைதான் லீவு, அன்னிக்குப் போன் பண்ணுவார். அம்மா எப்படி இருக்காங்க, மாத்திரை குடுத்தியா, எல்லாம் கேப்பார். கடைசியில ஆரம்பிப்பார். "வனஜா, ஒரே ஒரு தடவை 'அண்ணா'ன்னு கூப்பிடேன், அவ மாதிரி"ன்னுவார். கூப்பிடுவேன். அங்க அழுவார். அழுதுட்டு வெச்சுடுவார். வாரத்துக்கு ஒரு தடவை புருஷன் போன் பண்றார், பொண்டாட்டிய அண்ணான்னு கூப்பிடச் சொல்லிக் கேட்டுட்டு வெச்சுடறார். இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?

எல்லாருக்கும் சாரு வேணும். செத்தாலும் வேணும். உயிரோட குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், என்னை ஒருத்தருக்கும் வேண்டாம். சரி, அந்த சாரு எப்படிப்பட்டவன்னு அத்தைக்குக் காட்டினா என்னன்னு எனக்குத் தோணுச்சு. பொண்ணு கைவிட்டாத்தானே மருமகள் அருமை தெரியும்?

"ஒரு தடவை வந்து என்னைப் பார்த்துட்டுப் போ கண்ணு"ன்னு அத்தை தினமும் கெஞ்சுவாங்க. முன்னெல்லாம் "பையனுக்குப் பரீட்சைம்மா, லீவுல வர்றேன்"னு சாரு நயமாச் சொல்லுவா. அன்னிக்கு, "எதுக்கும்மா வரணும்? அந்த ரூமுக்குள்ள வந்தா நாறுது. எனக்குக் குமட்டும்"னா. எனக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டுச்சு. ஆனா சொல்லி முடிச்சதும் உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கீழ ஓடினேன். தலைமாட்டுல உக்காந்து, "என்ன அத்தை, முகம் வாடியிருக்கு? சாரு பேசினாளா?"ன்னு தலையைக் கோதி விட்டேன். இப்போ அழுவாங்க, என் கையைப் புடிச்சுக்குவாங்கன்னு பார்த்தேன்.

"பேசினா"ன்னாங்க. "ரொம்ப நேரம் பேசினா. என் நினைப்பாவே இருக்காளாம். தை பொறந்ததும் வர்றாளாம்."

பொய்யி. என் மூஞ்சிக்கு நேரா. நான் சொன்னதை நானே கேட்டுட்டு வந்து நிக்கறேன், எனக்குப் பொய் சொல்றாங்க. பொண்ணை என்கிட்ட விட்டுக்குடுக்கக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தலைகாணியை... இல்ல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

அதுக்கப்புறம் சாரு நிறுத்தவே இல்ல. உங்க மாத்திரைச் செலவுல ஒரு பிளாட்டு வாங்கியிருக்கலாம்னா. இன்னும் எத்தனை நாள் இழுத்துக்கிட்டு இருப்பீங்கன்னா. ஒரு நாள், "செத்தா சொல்லி அனுப்புங்க, வர்றேன்"னா. அதுக்கு அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? "சரி கண்ணு. நீ உடம்பைப் பார்த்துக்கோ. தொண்டை இன்னும் சரியாகலை பாரு உனக்கு."

எதைச் சொன்னாலும் தாங்கிக்கறாங்க. நான் காபியில டிகாஷன் கம்மியா ஊத்தினா ஊரைக் கூட்டறவங்க. பொண்ணுன்னா எதை வேணா பேசலாம், பொண்ணு மேல பாசம் குறையாது. எனக்கு அப்போதான் புரிஞ்சுது. சாரு எவ்வளவு கெட்டவ ஆனாலும் வனஜா நல்லவ ஆக முடியாது. அதுக்கு வேற வழிதான் பார்க்கணும்.

நான் வெயில்ல பட்டுப்புடவையோட நிக்கறதை நீங்க வந்ததுலேருந்து பார்த்துக்கிட்டே இருக்கீங்க. சொல்றேன். காலையில அத்தைகிட்ட, "ராசிபுரத்துல எங்க அண்ணன் வீட்டு கிரகப்பிரவேசம், போயிட்டு நாளைக்கு வந்துடறேன், நர்ஸம்மா வருவாங்க"ன்னு சொன்னேன். புடவைச் சரசரப்பு அவங்களுக்குக் கேக்கணும்னுதான் இதைக் கட்டினேன். "ம்"னாங்க. பார்த்துப் போயிட்டு வான்னு ஒரு வார்த்தை கிடையாது. கதவைப் பூட்டினேன். கீழ இறங்கலை, மேல ஏறி வந்துட்டேன்.

பஸ்ஸு ராசிபுரம் போற நேரம் வரைக்கும் இங்கயே உக்காந்திருந்தேன். அப்புறம் போன் பண்ணினேன். "ம்மா, சாரு பேசுறேன். மனசைத் திடப்படுத்திக்கங்க. அண்ணி போன பஸ் கவுந்துடுச்சாம். அண்ணி போயிட்டாங்களாம்மா."

ஏன் சிஸ்டர் அப்படிப் பார்க்கறீங்க? ஒரே ஒரு வார்த்தைதான் நான் கேட்டது. உயிரோட இருக்கறவளுக்கு அது கிடைக்காதுன்னு ஆனப்புறம் நான் வேற என்ன பண்றது? தொலைஞ்சுதுன்னு சொன்னாக்கூட சரி, அதையும் கேட்டுட்டுப் போயிடலாம்னு இருந்தேன்.

அந்தப் பக்கம் ஒரு கேவல். முதல்ல போன்ல கேட்டுச்சு, அப்புறம் ஜன்னல் வழியாவே வந்தது. "ஐயோ என் தாயே"ன்னாங்க. என்னைத்தான். "என் மூத்திரத் துணியை முகம் சுளிக்காம அலசினியே தாயே, உன்னை ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லலியே இந்தப் பாவி." முகம் சுளிக்காமன்னாங்க. நான் சுளிச்சிருக்கேன், அவங்களுக்கு எங்கே தெரியும்?

அப்புறம் சாருவைப் புடிச்சுக்கிட்டாங்க. "உன்னால வந்ததுடி எல்லாம். மருமக கொடுமைப்படுத்தறான்னு சொன்னாலாவது பதறிக்கிட்டு ஓடி வருவேன்னு நினைச்சேன். தினமும் உக்காந்து யோசிச்சு யோசிச்சு அவ மேல இல்லாததும் பொல்லாததும் சொன்னேன். அப்பவும் நீ வரலை. என்னைத் தூக்கி உக்கார வெச்ச கை அது. அந்தக் கையைப் போய்ப் பாத்திரம் தேய்க்கற கைன்னேனே. எனக்குப் பொண்ணும் இல்ல இனிமே. நீயும் செத்துட்டேன்னு தலை முழுகிக்கறேன். போனை வை"ன்னு கட் பண்ணிட்டாங்க.

அப்போ அவங்க சொன்னது அத்தனையும் சாருவை வரவழைக்கத்தானாம். நான் கிள்ளலைன்னு அவங்களுக்குத் தெரியும். நல்லாப் பார்த்துக்கறேன்னு தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். அதுலேருந்து அழறாங்க. தொட்டிப் பக்கம் உக்காந்தா கேக்காது, சத்தம் காட்டாம இந்தப் பக்கச் சுவர்கிட்ட வாங்க. நேரா கீழ அவங்க ஜன்னல். கேக்குதா? வனஜா, வனஜான்னு. என் பேரை அவங்க வாயால இத்தனை தடவை நான் கேட்டதே இல்ல.

இல்ல, சாவியைத் தர்றேன், அவசரப்படாதீங்க. மாத்திரை கைக்கு எட்டற இடத்துலதான் வெச்சிருக்கேன். நான் இப்போ உள்ள போக முடியாது சிஸ்டர், யாருன்னு சொல்லிப் போறது? சாருவைத் தலை முழுகிட்டாங்க, வனஜா செத்துட்டா. பஸ்ல வேற ஒருத்தி, ஆள் மாறிப்போச்சுன்னு நாளைக்கு ஏதாவது சொல்லிக்கலாம். சொன்னா அழுகையை நிறுத்திடுவாங்க. காபி எங்கேன்னு கேப்பாங்க. அதனால இன்னிக்கு ஒரு நாள் அழட்டும். என் புடவையை விடுங்க. வயசுல பெரியவங்க நீங்க, இப்படி இழுக்கலாமா?

இருங்க, சத்தம் கேக்கலை. நீங்க பேசினதுல கேக்கலையோ என்னவோ. பேசாதீங்க.

களைப்பா இருக்கும். அழறவங்க நடுவுல மூச்சு வாங்கிக்குவாங்க, எங்க ஊர்ல எல்லாம் அப்படித்தான். மறுபடி ஆரம்பிப்பாங்க பாருங்க. மருமகளுக்கு ஒப்பாரின்னா பொண்ணு பார்க்க வந்த நாள்லேருந்து வரிசையாச் சொல்லி அழணும். நான் இந்த வீட்டுக்கு வந்ததைப் பத்தி அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே.